ஐபிஎம் பிசி 5150: மூடியைத் திறந்தால்தான் மதிப்பு தெரியும்

ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்ட் 12 அன்று நியூயார்க்கில் அறிமுகம் செய்த 5150 என்ற எண்ணுடைய பர்சனல் கம்ப்யூட்டர், தன் காலத்துக் கணினிகளில் வேகத்தில் முதலாவதும் அன்று, விலையில் மலிவானதும் அன்று, வண்ணம் காட்டுவதிலோ ஓசை எழுப்புவதிலோ பெயர் வாங்கியதும் அன்று. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஆப்பிள் 2 வண்ணத்தோடு கடைக்கு வந்துவிட்டது. இதிலுள்ள செயலியைவிடத் திறமையான மோட்டரோலா 68000 செயலியும் 1979இலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. இருந்தும் இன்று அலுவலகங்களிலும் வீடுகளிலும் ஓடும் விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றின் பூர்விகம் இந்த வெளிர்பழுப்புப் பெட்டிதான். ஐபிஎம் என்ற பெயருக்கு அன்று இருந்த செல்வாக்கே இதற்குக் காரணம் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை மட்டுமே. பெட்டியை எவரும் திறக்கலாம், உள்ளே இருப்பதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம், புரிந்துகொண்டவர் தம் சரக்கை அதில் செருகி விற்கலாம் என்ற ஏற்பாடே இதன் உண்மையான பலம் என்பது என் கருத்து. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இதை மதிப்பிட்டு எழுதுவதற்கு அந்த ஏற்பாடே போதுமான காரணம்.

இங்கே மதிப்பிடப்படுவது, 1983ஆம் ஆண்டிலிருந்து வெளிவந்த இரண்டாம் வகை மதர்போர்டைக் கொண்ட 5150. முதல் வகைப் பலகையில் 16 முதல் 64 கிலோபைட் வரை நினைவகம் அமையும்; இரண்டாம் வகையில் 64 முதல் 256 கிலோபைட் வரை. இதில் 256 கிலோபைட்டும் நிரம்பியிருக்கிறது. இரண்டு ஃபிளாப்பி டிரைவ்கள், எழுத்துகளை மட்டும் காட்டும் மோனோகுரோம் அட்டை, அதற்கென்றே செய்யப்பட்ட 5151 பச்சைத் திரை, டாஸ் 2.1 என்ற இயங்குதளம் ஆகியவை உடன் இருக்கின்றன. ஹார்டு டிஸ்க் கிடையாது. அன்றைய அமெரிக்க அலுவலகம் ஒன்றில் கணக்கரின் மேசைமேல் இருந்திருக்கக்கூடிய சராசரியான அமைப்பு இது என்று கொள்ளலாம்.

வெளிப்புறத்தைப் பொறுத்தவரை குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. பெட்டி கனமான இரும்புத் தகட்டால் ஆனது. அதன்மேல் திரையைத் தூக்கி வைத்தாலும் வளைந்து கொடுக்காது. பெட்டியின் வலப்பக்கத்தில், பின்பகுதியை ஒட்டி, பெரிய சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதைத் தள்ளும்போது விரலுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் சேதி வந்துவிடும். விசைப்பலகைதான் இந்தத் தொகுப்பின் ஆகச் சிறந்த உறுப்பு. 83 விசைகளின் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சுருள்வில் இருக்கிறது. குறிப்பிட்ட ஆழத்தை எட்டியதும் அது பக்கவாட்டில் மடிந்து, அடியிலுள்ள சிறு தகட்டைச் சாய்க்கிறது. தகடு சாயும்போது ஏற்படும் மின்தேக்க மாற்றத்தைச் சுற்று உணர்ந்துகொள்கிறது. எழுத்து பதிவானதை விரல் தானே அறிந்துகொள்வதால் திரையைப் பார்க்காமல் தட்டச்சு செய்ய முடிகிறது. இன்று பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் மெக்கானிக்கல் கீபோர்டுகளில் இந்த உணர்வை எட்டிப் பிடிப்பவை குறைவு. ஆனால் விசைகளை அடுக்கிய முறை வேறு கதை. இடப்பக்க ஷிஃப்ட் விசைக்கும் இசட் விசைக்கும் நடுவே சாய்கோட்டு விசை ஒன்றை நுழைத்திருக்கிறார்கள்; ரிட்டர்ன் விசை ஒல்லியாக ஓரத்தில் நிற்கிறது; கேப்ஸ் லாக் போட்டிருக்கிறதா இல்லையா என்று காட்ட ஒரு விளக்குகூட இல்லை. டைப்ரைட்டர் விற்றே பெயர் வாங்கிய ஒரு நிறுவனம் ஷிஃப்ட் விசையின் இடத்தில் தவறியது வியப்பாகவே இருக்கிறது.

சுவிட்சைத் தள்ளியபின் பொறுமை வேண்டும். கணினி தன் நினைவகம் முழுவதையும் எழுதிப் படித்துச் சோதித்த பின்னரே மேலே நகரும். 640 கிலோபைட் வரை நிரப்பியிருந்தால் அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். எல்லாம் சரியென்றால் ஒரே ஒரு குறுகிய பீப் ஒலி. கோளாறு இருந்தால் திரையில் எண் வரும்: 201 என்றால் நினைவகம், 301 என்றால் விசைப்பலகை, 601 என்றால் ஃபிளாப்பி. டிரைவில் தட்டு இல்லாவிட்டால் 'தட்டைச் செருகுங்கள்' என்று இது கேட்பதில்லை. மதர்போர்டிலேயே 32 கிலோபைட் அளவில் பதித்து வைத்திருக்கும் பேசிக் மொழி தானாக எழுந்து நிற்கும். அந்த பேசிக்கில் எழுதும் நிரலைச் சேமிக்க, பின்புறம் விசைப்பலகை இணைப்பின் பக்கத்திலேயே டேப் ரெக்கார்டருக்கு ஓர் இணைப்பு வைத்திருக்கிறார்கள். டிரைவே இல்லாமல், வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து, கேசட்டில் சேமித்துக்கொள்ளும் ஏழைப் பயனரையும் ஐபிஎம் மனத்தில் வைத்திருந்தது என்பதற்கு அந்த இணைப்பு சாட்சி. அப்படி வாங்கியவர்கள் மிகக் குறைவு என்பதை அடுத்து வந்த எக்ஸ்டி மாடலில் அந்த இணைப்பு காணாமல்போனதே சொல்லிவிடுகிறது.

பின்புறத்துத் திருகுகளைக் கழற்றி மூடியை முன்பக்கமாக இழுத்தால், எதுவும் எதன் பின்னாலும் ஒளிந்திருக்காத ஒரு மதர்போர்டு கண்ணில் படும். இன்றைய கணினியில் ஒரே சில்லுக்குள் போய்விட்ட வேலைகள் எல்லாம் இங்கே தனித்தனிச் சில்லுகளாக, மேலே எண் அச்சிட்டு, ஆளுக்கோர் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இன்டெல் 8088 செயலி. அதன் பக்கத்தில் 8087 என்ற கணிதத் துணைச்செயலிக்காகக் காலியாக விடப்பட்ட ஒரு குழி. வெளியிலிருந்து வரும் அழைப்புகளை வரிசைப்படுத்தும் 8259. செயலியின் தலையீடு இல்லாமல் தரவை நினைவகத்துக்குக் கொண்டுசேர்க்கும் 8237. நேரம் கணிக்கும் 8253. விசைப்பலகையையும் சுவிட்சுகளையும் படிக்கும் 8255. முன்பகுதியில் நினைவகச் சில்லுகள் நான்கு வரிசையாக, வரிசைக்கு ஒன்பது வீதம் நிற்கின்றன. பைட் ஒன்றுக்கு எட்டு பிட்தானே, ஒன்பதாவது எதற்கு என்று கேட்கலாம். மற்ற எட்டும் பிசகாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும் பேரிட்டி பிட் அது. பிசகு கண்டால் கணினி 'பேரிட்டி செக்' என்று எழுதிவிட்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும். வேலை போய்விட்டதே என்று பயனருக்குக் கோபம் வரும். ஆனால் தவறான கணக்கைச் சரியென்று அச்சடித்துத் தருவதைவிட நின்றுவிடுவதே மேல் என்று நினைக்கும் கணக்குப்பிள்ளைத்தனம் அதில் இருக்கிறது.

இந்தச் சில்லுகளில் பெரும்பாலானவை ஐபிஎம் செய்தவை அல்ல என்பதே இந்தக் கணினியின் வரலாற்றில் முக்கியமான செய்தி. பெருங்கணினிகளில் ஒவ்வொரு திருகையும் தானே வடிவமைத்துப் பழகிய நிறுவனம், சிறு கணினிச் சந்தை கைவிட்டுப் போகிறதே என்ற கவலையில், 1980இல் ஃபுளோரிடா மாநிலத்தின் போகா ரேட்டன் நகரில் ஒரு சிறு குழுவிடம் இந்த வேலையை ஒப்படைத்தது. வில்லியம் லோ தொடங்கி வைத்த திட்டத்தை டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையேற்று முடித்தார். கெடு ஓராண்டு. அந்தக் கெடுவுக்குள் முடிக்க வேண்டுமானால் கடையில் கிடைக்கும் உதிரிகளைக் கோத்துத்தான் ஆகவேண்டும். டிரைவ் டேண்டன் நிறுவனத்துடையது, செயலி இன்டெலுடையது, இயங்குதளம் மைக்ரோசாஃப்டுடையது. 68000ஐ விட்டு 8088ஐ எடுத்ததற்கும் இதே அவசரமே காரணம். அந்தக் குழுவில் பலர் சிஸ்டம் 23 டேட்டாமாஸ்டர் என்ற முந்தைய இயந்திரத்தில் இன்டெல் 8085ஐக் கையாண்டவர்கள். அதன் துணைச்சில்லுகளும், அட்டைகளைச் செருகும் இணைப்பின் வடிவமைப்பும் ஏற்கெனவே கைக்குப் பழகியவை. அவசரத்தில் எடுத்த முடிவுகளின் தழும்புகளை இந்தப் பலகையில் எங்கும் காணலாம். அவற்றில் சில நாற்பது ஆண்டுகள் நீடித்துவிட்டன என்பதுதான் வேடிக்கை.

ஒரு தழும்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். செயலியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். 8088 ஐந்து மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது. அப்படியிருக்க இந்த விசித்திரமான எண் எதற்கு? பலகையில் 14.31818 மெகாஹெர்ட்ஸில் அதிரும் ஒரே ஒரு பளிங்குத் துண்டு இருக்கிறது. அதை நான்கால் வகுத்தால் 3.58 மெகாஹெர்ட்ஸ், அது அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி தன் நிறங்களைப் பிரித்தறியப் பயன்படுத்தும் அலைவெண். மூன்றால் வகுத்தால் 4.77, அது செயலிக்கு. பன்னிரண்டால் வகுத்தால் 1.19, அது 8253 என்ற நேரச்சில்லுக்கு. வண்ண அட்டையைத் தொலைக்காட்சியில் இணைக்க முடிய வேண்டும், அதற்கென இன்னொரு பளிங்குக்குச் செலவு செய்யக்கூடாது என்ற சிக்கனத்தால் கணினி முழுவதும் தொலைக்காட்சியின் தாளத்துக்கு ஆடத் தொடங்கியது. நேரச்சில்லு அந்த 1.19 மெகாஹெர்ட்ஸை 65,536ஆல் வகுத்து நொடிக்கு ஏறத்தாழ 18.2 முறை செயலியைத் தட்டி எழுப்பும். டாஸ் காட்டும் கடிகாரம் அந்தத் தட்டல்களின் எண்ணிக்கையே. பிற்காலத்துப் பிசிகளும் பழைய மென்பொருள் ஓட வேண்டும் என்பதற்காக இதே 1.19 மெகாஹெர்ட்ஸ் நேரக்கணிப்பைச் சுமந்துகொண்டே வந்தன. அதேசமயம், மின்சாரம் நின்றாலும் ஓடக்கூடிய கடிகாரம் ஒன்றை ஐபிஎம் வைக்கவில்லை; ஒவ்வொரு முறை இயக்கும்போதும் இன்று என்ன தேதி, என்ன நேரம் என்று டாஸ் நம்மையே கேட்கும்.

வேகத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், இது மந்தமான இயந்திரம். 8088 தனக்குள் 16 பிட்டாகச் சிந்திக்கும். ஆனால் வெளியே நினைவகத்தோடு பேசும்போது ஒரு நேரத்தில் எட்டு பிட் மட்டுமே போய்வரும். விலை குறைந்த எட்டு பிட் துணைச்சில்லுகளைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவே இன்டெல் 8086ஐ இப்படிக் குறுக்கியது. ஒரு பைட்டை எடுத்துவர செயலியின் கடிகாரத் துடிப்புகள் நான்கு ஆகும்; ஆகவே நொடிக்கு 12 லட்சம் பைட்டுக்கு மேல் எந்த வித்தை செய்தாலும் நகராது. கட்டளைகளும் அதே வழியில்தான் வந்தாக வேண்டும் என்பதால், செயலி பெரும்பாலான நேரம் கணக்குப் போடுவதில்லை, அடுத்த கட்டளை வந்துசேரக் காத்திருக்கிறது. போதாக்குறைக்கு, இந்த வகை நினைவகச் சில்லுகள் தம்மிடம் உள்ள மின்னூட்டத்தைத் தாமே இழந்துவிடும் என்பதால், அவற்றின் 128 வரிசைகளையும் இரண்டு மில்லிநொடிக்குள் ஒருமுறை தொட்டு உயிர்ப்பிக்க வேண்டும். ஐபிஎம் பொறியாளர்கள் இதற்கெனத் தனிச் சுற்று எதையும் கட்டவில்லை. நேரச்சில்லு 15 மைக்ரோநொடிக்கு ஒருமுறை 8237ஐத் தட்ட, அது ஒரு போலி வாசிப்பைச் செய்துவிட்டுப் போகும்படி அமைத்துவிட்டார்கள். சாமர்த்தியமான வேலை. ஆனால் செயலிக்கும் நினைவகத்துக்கும் நடுவே தரவு போய்வரும் பாதையான பஸ்ஸின் நேரத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கை அது தின்றுவிடுகிறது. இரண்டு 16 பிட் எண்களைப் பெருக்க 118 துடிப்புகளாவது ஆகும். நொடிக்கு ஏறத்தாழ 40,000 பெருக்கல்தான் உச்சம். பெரிய கணக்குத்தாள் ஒன்றை மறுகணக்கிடச் சொன்னால், எண்கள் ஒவ்வொன்றாக மாறுவதைக் கண்ணால் பின்தொடரலாம்.

640 கிலோபைட் எல்லையைப் பற்றி எழுதாமல் இந்த இயந்திரத்தைப் பற்றி எழுத முடியாது. 8088க்கு 20 முகவரிக் கம்பிகள். ஆகவே அது காணக்கூடிய நிலப்பரப்பு 10,48,576 பைட், அதாவது ஒரு மெகாபைட். ஆனால் அது தனக்குள் எண்களை வைத்துக்கொள்ளும் பதிவேடுகள் 16 பிட் மட்டுமே கொண்டவை. ஒரு பதிவேட்டிலுள்ள எண்ணை 16ஆல் பெருக்கி, இன்னொன்றிலுள்ள எண்ணைக் கூட்டி முகவரி காணும் குறுக்குவழியை இன்டெல் கண்டுபிடித்தது; பின்னர் வந்த நிரலாளர்கள் தலையில் அடித்துக்கொண்டதும் அதனால்தான். அந்த ஒரு மெகாபைட்டில் கீழ் 640 கிலோபைட்டை நிரல்களுக்கும், மேலே உள்ளதைத் திரை நினைவகத்துக்கும் அட்டைகளுக்கும் மின்சாரம் போனாலும் அழியாத நிலைநினைவகத்துக்கும் ஐபிஎம் பிரித்துக்கொடுத்தது. 16 கிலோபைட்டோடு விற்கத் தொடங்கிய ஒரு கணினிக்கு 640 என்பது அதன் நாற்பது மடங்கு. அன்று அதைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. பத்து ஆண்டுகள் கழித்தும் மென்பொருள் எழுதுவோர் அந்தக் கோட்டைச் சுற்றி வளைந்து நெளிந்து கொண்டிருந்ததற்கு, இயந்திரம் எதிர்பார்த்ததைவிட நெடுங்காலம் வாழ்ந்ததே காரணம்.

இந்தக் கணினி ஆசிரியராக எவ்வளவு நல்லது என்பதற்கு, ஒரே ஒரு விசையை அழுத்திப் பின்தொடர்ந்தால் போதும். சிறிய 'ஏ' எழுத்துக்கான விசையை அழுத்துகிறோம். விசைப்பலகைக்குள்ளேயே இன்டெல் 8048 என்ற ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. அது விசைகளை இடைவிடாமல் வலம் வந்து, அழுத்தப்பட்டது 30ஆம் எண் விசை என்று கண்டு, அந்த எண்ணைக் கம்பி வழியே ஒவ்வொரு பிட்டாக அனுப்புகிறது. விசையை விடும்போது 128ஐக் கூட்டி 158 என்று அனுப்பும். ஷிஃப்ட் எவ்வளவு நேரம் அழுத்தியிருக்கிறது என்பதைக் கணினி அறிவது இப்படித்தான். எண் வந்து சேர்ந்ததும் 8259 செயலியின் தோளைத் தொடுகிறது. செயலி கையிலுள்ள வேலையை நிறுத்தி, திரும்பிவர வேண்டிய இடத்தைக் குறித்துக்கொண்டு, நினைவகத்தின் 36ஆம் முகவரியைப் பார்க்கிறது. ஒன்பதாம் எண் குறுக்கீட்டுக்கு எங்கே போக வேண்டும் என்ற குறிப்பு அங்கே இருக்கிறது. அந்தக் குறிப்பு பயாஸ் என்ற நிலைநினைவக நிரலுக்குக் கொண்டுபோகிறது. பயாஸ் 30 என்ற விசை எண்ணை 97 என்ற எழுத்து எண்ணாக மாற்றி, 15 விசைகள் மட்டுமே கொள்ளும் ஒரு சிறு வரிசையில் நிறுத்திவிட்டுத் திரும்புகிறது. நிரல் தனக்கு ஒழியும்போது அங்கிருந்து அதை எடுத்துக்கொள்ளும். வரிசை நிறைந்தபின்னும் தட்டிக்கொண்டே இருந்தால் வருகிற பீப் ஒலி, பழைய டாஸ் பயனர்கள் எவருக்கும் மறக்காது. பிறகு அந்த எழுத்தைத் திரைக்கு அனுப்ப, 7,20,896 என்ற முகவரியில் 97ஐயும், அடுத்த முகவரியில் சாதாரண ஒளிர்வைக் குறிக்கும் 7ஐயும் எழுதினால், பச்சைத் திரையின் இடது மேல்மூலையில் அந்த எழுத்து தோன்றிவிடுகிறது. வேறெந்த அடுக்கும் நடுவில் இல்லை. பேசிக்கில் ஓரிரு வரிகளில் இதை நாமே செய்து பார்க்கலாம். இன்றைய கணினியில் விசைக்கும் திரைக்கும் நடுவே எத்தனை மென்பொருள் அடுக்குகள் கைமாற்றுகின்றன என்பதை நினைத்தால், கணினியியல் படிக்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான பாடப்பொருள் கிடைப்பது அரிது.

திரையைப் பொறுத்தவரை வாங்குபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. மோனோகுரோம் அட்டை ஓர் எழுத்துக்கு ஒன்பதுக்குப் பதினான்கு புள்ளிகள் தந்து, 25 வரிகளில் 80 எழுத்துகளைக் கண்ணுக்கு இதமாகக் காட்டும். நொடிக்கு 50 முறை மட்டுமே புதுப்பித்தாலும் சிமிட்டல் தெரியாமலிருக்க, மெல்ல அணையும் பாஸ்பரைத் திரையில் பூசியிருக்கிறார்கள். அதனால் வரிகள் மேலே நகரும்போது பச்சை நிழல் வால்போல் தொடரும். வண்ண அட்டையோ 320க்கு 200 புள்ளிகளில் நான்கே நிறங்களைத் தரும். கருப்போடு வெளிர்நீலமும் கருஞ்சிவப்புச் சாயலும் வெள்ளையும் சேர்ந்த அந்தக் கூட்டணியை அழகென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 80 எழுத்து முறையில் செயலியும் திரையும் ஒரே நேரத்தில் நினைவகத்தைத் தொட்டால் திரையில் வெண்புள்ளிகள் தூவும். மோனோகுரோம் அட்டையின் எழுத்துருக்கள் நிலைநினைவகச் சில்லு ஒன்றில் பதிந்தவை என்பதால் தமிழையோ வேறு எழுத்தையோ மென்பொருளால் அதில் கொண்டுவர முடியாது. இந்தக் குறை தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல் என்பவரை, தம் ஆய்வேட்டைத் தாய் மொழியில் எழுதும் பொருட்டு, அதே பச்சைத் திரையில் 720க்கு 348 புள்ளிகளில் படம் வரையும் ஹெர்குலிஸ் அட்டையை உருவாக்கத் தூண்டியது. 1982இல் வந்த அந்த அட்டை ஐபிஎம்மின் இரண்டு அட்டைகளையும்விட விவேகமானது. ஐபிஎம்மிடம் அனுமதி கேட்காமலேயே வெளியார் ஒருவர் இதைச் செய்ய முடிந்தது.

டாஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்த கதை பலரும் அறிந்ததே. ஐபிஎம் அதை 40 டாலருக்கும் போட்டியாளரான சிபி/எம்-86ஐ 240 டாலருக்கும் விற்றபோது எது பிழைக்கும் என்பது அன்றே முடிவாகிவிட்டது. முதல் பதிப்பில் கோப்புறைகள் இல்லை. ஒரு தட்டில் 160 கிலோபைட்தான். 1983 மார்ச்சில் வந்த 2.0 பதிப்பில்தான் கோப்புறைகளும் 360 கிலோபைட் தட்டுகளும் வந்தன. இந்தக் கணினியை வைத்திருப்பவர் 2.0க்கு முந்தைய பதிப்புகளைக் காட்சிப்பொருளாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

அறிவித்த அடிப்படை விலை 1,565 டாலர். அந்த விலைக்கு 16 கிலோபைட் நினைவகமும் விசைப்பலகையும் கிடைக்கும். டிரைவும் திரையும் கிடைக்காது. 64 கிலோபைட், ஒரு டிரைவ், திரை என்று மனிதர் பயன்படுத்தும் அளவுக்கு வந்தால் ஏறத்தாழ 3,000 டாலர். அலுவலகத்துக்கு இரண்டு டிரைவ், வண்ணம், பிரிண்டர் என்று சேர்த்தால் 4,500 டாலர். இது தந்திரமான விலைப்பட்டியல் என்பதில் ஐயமில்லை. அட்டைகளைச் செருகும் ஐந்து ஸ்லாட்டுகளில் திரை அட்டைக்கு ஒன்று, டிரைவ் அட்டைக்கு ஒன்று போக மிச்சம் மூன்றே. ஐபிஎம்மின் அட்டைகளையே வாங்கினால் நினைவகத்துக்கு ஒன்று, சீரியல் இணைப்புக்கு ஒன்று என்று அவையும் உடனே தீர்ந்துவிடும். ஏஎஸ்டி நிறுவனத்தின் சிக்ஸ்பேக் பிளஸ் போன்ற வெளியார் அட்டைகள் நினைவகம், கடிகாரம், சீரியல், பிரிண்டர் இணைப்பு எல்லாவற்றையும் ஒரே ஸ்லாட்டில் அடக்கித் தந்து இந்த நெருக்கடியைத் தீர்த்தன. 63.5 வாட் மட்டுமே தரும் மின்வழங்கியின் போதாமையை எந்த அட்டையாலும் தீர்க்க முடியவில்லை. ஹார்டு டிஸ்க் வேண்டுமென்றால் தனிப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது.

இப்படி வெளியார் புகுந்து விளையாட முடிந்ததற்கு, கணினியோடு ஐபிஎம் விற்ற டெக்னிகல் ரெஃபரன்ஸ் என்ற கையேடு காரணம். மதர்போர்டின் முழுச் சுற்றுப்படம், ஒவ்வொரு ஸ்லாட் முனையின் பொருள், பயாஸ் நிரலின் அசெம்பிளி வடிவம் விளக்கக் குறிப்புகளோடு வரிவரியாக, எல்லாம் அதில் அச்சாகியிருந்தன. இந்தக் கணினியை மதிப்பிடும் எவரும் அந்தக் கையேட்டையும் பொருளின் ஓர் உறுப்பாகவே கொள்ள வேண்டும். ஐபிஎம்முக்குச் சொந்தமாக எஞ்சியிருந்தது பயாஸின் பதிப்புரிமை ஒன்றுதான். இந்தக் கணினியின் நகலைச் செய்த காம்பேக் நிறுவனம் அதையும் சட்டப்படியே கடந்தது: ஒரு குழு பயாஸைப் படித்து அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது, அந்த நிரலைக் கண்ணாலும் பார்த்திராத இன்னொரு குழு அதைக்கொண்டு புதிதாக எழுதியது. 1982 நவம்பரில் காம்பேக் போர்ட்டபிள் அறிவிக்கப்பட்டது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய பயாஸை யாருக்கும் விற்கத் தொடங்கியது. 1983 ஜனவரியில் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருள், வேகத்துக்காக பயாஸைத் தாண்டி மேலே சொன்ன திரை முகவரியிலேயே நேரடியாக எழுதியது. அதனால் நகல் செய்பவர்கள் மென்பொருளில் மட்டுமின்றி முகவரிக்கு முகவரி, சில்லுக்குச் சில்லு ஒத்திருக்க வேண்டியதாயிற்று. அவசரத்தில் கோத்த ஒரு பலகை, ஊரெல்லாம் ஏற்ற தரமாக மாறியது இப்படித்தான். 1987இல் பிஎஸ்/2 வரிசையோடு மைக்ரோ சேனல் என்ற, உரிமத்தொகை கேட்கும் புதிய ஸ்லாட்டைக் கொண்டுவந்து ஐபிஎம் கதவைச் சாத்தப் பார்த்தது. தொழில்நுட்பத்தில் அது மேலானதே. ஆனால் காம்பேக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் 1988இல் பழைய ஸ்லாட்டோடு ஒத்துப்போகும் இஐஎஸ்ஏ என்ற ஸ்லாட்டை அறிவித்துவிட்டன; சந்தையும் மைக்ரோ சேனலின் பின்னால் போகவில்லை.

1978இலேயே ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டதால், இந்தியாவில் எண்பதுகளில் கணினி பழகிய தலைமுறை பிசி என்று கண்டது பெரும்பாலும் நகல்களையே. அவர்களுக்கு இந்த மூல இயந்திரத்தின் முன் உட்காரும்போது எதுவும் அந்நியமாகத் தோன்றாது. விசையின் ஓசையும் கனமும் மட்டும் புதிதாக இருக்கும்.

இன்று வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். பழைய டாஸ் மென்பொருளை ஓட்டிப் பார்ப்பது மட்டுமே ஆசையென்றால் இதை வாங்க வேண்டாம். பழைய கணினியைப்போல நடந்துகொள்ளும் பிசிஜேஎஸ், 86பாக்ஸ் போன்ற எமுலேட்டர் மென்பொருள்கள் அதை இலவசமாகவே செய்யும். சில்லைத் தொட்டு, சுற்றுப்படத்தோடு ஒப்பிட்டு, கணினி என்பது என்ன என்று அறிய விரும்புபவர்களுக்கு உரிய பொருள் இது. வாங்கும்போது பயாஸின் தேதியைக் கட்டாயம் கேளுங்கள். 1981ஆம் ஆண்டின் இரண்டு பதிப்புகளும் அட்டைகளில் உள்ள நிலைநினைவகத்தைத் தேடிப் பார்ப்பதில்லை, 544 கிலோபைட்டுக்கு மேல் நினைவகத்தையும் ஏற்பதில்லை. 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பதிப்பு இரண்டையும் செய்யும் என்பதால், எக்ஸ்டி-ஐடிஇ அட்டையைச் செருகி ஒரு காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டையை ஹார்டு டிஸ்க்காகப் பயன்படுத்த அது வேண்டும். மதர்போர்டிலும் அட்டைகளிலும் உள்ள டான்டலம் கெபாசிட்டர்கள் வயதானால் வெடிக்கும் பழக்கமுடையவை. பல ஆண்டு கிடப்பில் கிடந்த கணினியை முதல்முறை இயக்கும்போது பலகைக்கு மேல் முகத்தைக் கொண்டுபோக வேண்டாம். விசைப்பலகைக்குள் உள்ள நுரைப்படலம் இந்நேரம் பொடியாகியிருக்கும், அதை மாற்றிக்கொள்ள வேண்டும். நினைவகத்தின் முதல் வரிசை மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது என்பதால், அதில் ஒரு சில்லு செத்துப்போனால் கணினி பீப் ஒலிகூட எழுப்பாமல் கிடக்கும். 'வேலை செய்யவில்லை' என்று விலை குறைத்து விற்கப்படும் பெட்டிகளில் சிலவற்றுக்கு ஒரு பற்றவைப்புக் கோலும் ஒரே ஒரு நினைவகச் சில்லுமே மருந்தாகலாம். திரை அட்டையை மாற்றினாலோ நினைவகத்தைக் கூட்டினாலோ மதர்போர்டிலுள்ள சின்னஞ்சிறு சுவிட்சுகளைப் பேனா முனையால் மாற்றிவைக்க மறக்கக் கூடாது, ஏனெனில் தன்னிடம் என்ன இருக்கிறது என்பதை இந்தக் கணினி அந்தச் சுவிட்சுகளைக் கேட்டே தெரிந்துகொள்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டியின் மின்வழங்கி 120 வோல்ட்டுக்கு உரியது. மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் ஊர் பிளக்கில் அதைச் செருகிவிடாதீர்கள்.